பெரிய வீட்டில் ரிட்ரீவர் குட்டி: செட்டிநாட்டுப் பக்கம் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி, 2024 மே 5

தேவகோட்டையில் உள்ள பூர்வீக வீட்டுக்குக் குடும்பத்தோடு திரும்பிவிட்டோம். சென்னையில் அடுக்ககத்தில் இருந்தவரை இடமில்லை என்று நாய் ஆசையைத் தள்ளிப்போட்டோம். இப்போது கோல்டன் ரிட்ரீவர் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓடித் திரிய இடம் இருக்கிறது. இவ்வளவு பெரிய வீட்டில் குட்டியைப் பழக்குவது சுலபம்தானே?

மே 5, இரவு

சுலபமில்லை. பள்ளத்தூரில் இதே அமைப்புள்ள வீட்டில் கறுப்பு லேப்ரடார் வளர்க்கிறேன். பெயர் மிளகு, இரண்டாம் வயது நடக்கிறது. அடுக்ககத்தில் குட்டி குந்தினால் உடனே கண்ணில் படும், தூக்கிக்கொண்டு ஓடலாம். நம் வீட்டில் அது நடு முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் நுழைந்துவிட்டால் எந்தத் தூணின் அடியில் நனைத்தது என்பது வாடை வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அந்த இடம் அதன் கழிப்பிடமாகியிருக்கும். யாரும் பார்க்காமல் நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாடம். அந்தப் பாடத்தை நடத்தியது நீங்கள் இல்லை.

ஆகவே வீட்டைச் சுற்றிக் காட்டாதீர்கள். ஒரு மூலையைக் கொடுங்கள். சமையல் நடக்கும் கட்டுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில், ஆட்கள் நடமாடுகிற இடத்தில், மரச்சட்டமோ கம்பி வேலியோ வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு பாய், தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஏதாவது ஒன்று. அந்த மூலையில் சுத்தமாக இருக்கப் பழகிய பிறகு வளவு. வளவில் பழகிய பிறகு முகப்பு. மிளகு முகப்பைப் பார்த்தபோது பால்பற்கள் விழத் தொடங்கியிருந்தன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. தரகர்கள் ஐந்து வாரத்திலேயே பிரித்துக் கொடுக்கிறார்கள். "சின்னதாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும்" என்பார்கள், நம்பாதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவர்களிடமும்தான் கற்கிறது. தாயைக் கண்ணால் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பெற்றோருக்கு இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு இனத்துக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது.

மே 6

"ராஜபாளையம், சிப்பிப்பாறை இருக்க வெளிநாட்டு நாய் எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராஜபாளையத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. என் மாமா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நம் வெயிலுக்கு ஏற்ற நாய் வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் கேட்டவர் ரிட்ரீவரைத்தான் கேட்டார்.

ரிட்ரீவர்கள் வேறு வேலைக்கு வளர்க்கப்பட்டவை. கோல்டனின் தொடக்கம் ஸ்காட்லாந்து. அங்கே கிசகன் என்ற இடத்தில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் நீர் ஸ்பானியல் ஒன்றையும் இணைத்தார். 1868-இல் பிறந்த அந்தக் குட்டிகளிலிருந்து இனம் வளர்ந்தது. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு இருந்த நாய்கள். சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரிலிருந்து கசக்காமல் கவ்வி வந்து கையில் கொடுப்பதுதான் இந்த இரண்டு இனத்துக்கும் தொழில். அதனால் உங்கள் வீட்டில் செருப்பு, துண்டு, அரிவாள்மனைப் பலகை எல்லாம் இடம் மாறும். அதைக் குறும்பு என்று எண்ணி அடித்தால் நாயின் பிறவிக் குணத்தையே அடிக்கிறீர்கள்.

மே 14

குட்டி இருக்கும் இடம் ஈரோடு என்கிறீர்கள். அக்கினி நட்சத்திரம் மே 28 வரை. தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். குட்டிக்கும் அதற்குள் எட்டு வாரம் நிரம்பும். காரில் போவதானால் விடியுமுன் கிளம்பும்படி முந்தின நாளே அங்கே போய்த் தங்குங்கள். நாய்க்கு உடம்பில் நம்மைப் போல வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கார் நின்று ஏசியும் நின்றால் சில நிமிடங்களில் நிலைமை மோசமாகிவிடும். டீக்கடையில் நிறுத்தினால்கூட ஒருவர் குட்டியோடு இறங்கி நிழலில் நிற்க வேண்டும். கிளம்பும் முன் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுக்கும்.

அது அங்கே தின்றுகொண்டிருந்த உணவைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் வாரம் அதையே கொடுத்து மெதுவாக மாற்றினால் பேதி வராது. தாயின் வாசம் ஏறிய பழந்துணி ஒன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று. கோல்டனின் முடியை வெயிலுக்காக மழித்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள். மழிக்காதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கும். மழித்தால் தோல் கருகும், முடி பழையபடி வளராமலும் போகலாம். சீப்பால் உள்முடியை வாரி எடுத்தால் போதும்.

ஜூன் 9

வந்துவிட்டான் என்று படித்ததில் மகிழ்ச்சி. முதல் இரவு முழுக்க அழுதான் என்கிறீர்கள். அழாமல் என்ன செய்வான்? பிறந்ததிலிருந்து உடம்போடு உடம்பாக ஒட்டித் தூங்கியவன். "அழட்டும், பழகிவிடும்" என்று பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு அப்படிச் செய்ய வேண்டாம். அந்த மூலைக்குப் பக்கத்தில் நீங்கள் பாய் விரித்துப் படுங்கள், கையை உள்ளே விட்டு வையுங்கள். அமைதியாகத் தூங்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் படுங்கள். மிளகு வந்தபோது என் அப்பத்தாதான் கயிற்றுக் கட்டிலைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நாயே வேண்டாம் என்று ஒரு மாதம் பேசியவர் அவர்தான்.

கழிப்பிடப் பழக்கம். தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே. இடையில் எவ்வளவு நேரம் தாங்குவான்? வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அவ்வளவு மணி நேரம்தான் உச்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். பகலில் அதுவும் தாங்காது. இரவில் ஒரு முறையாவது எழுந்து தூக்கிப் போகத்தான் வேண்டும்.

இப்போது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். முற்றம். வானம் தெரியும், காற்று வரும், கல் தரை, நீர் ஓட வடிகால். இரவில் கொல்லைக் கதவைத் திறக்கச் சோம்பல்பட்டு எல்லாரும் குட்டியை முற்றத்தில் இறக்கிவிடுவார்கள். கழுவிவிட்டால் போயிற்று என்பார்கள். குட்டியோ எந்தத் தரையில் காலை வைத்துப் பழகியதோ அந்தத் தரையைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடும். முற்றத்தில்தான் வடகம் காயும், அங்கேதான் பொங்கல் பானை ஏறும், கல்யாணம் வந்தால் ஊரே அங்கே நிற்கும். வளர்ந்த நாய் முப்பது கிலோ. அன்று அதற்கு எப்படிப் புரியவைப்பீர்கள்? முதல் நாளிலிருந்தே கொல்லையில் மண் தரை, அதே இடம், அதே சொல். முடித்த அந்த நொடியில் பாராட்டும் ஒரு சின்னத் தீனியும். உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்காகக் கிடைத்தது என்றுதான் நினைக்கும்.

ஜூன் 10

வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்க வேண்டும் என்று எழுதியவருக்கு: தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். குட்டிக்கு நடந்துபோனதும் தண்டனையும் ஒன்றோடொன்று சேராது. நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்பது மட்டும்தான் சேரும். பிறகு ஒளிந்து போகும். நம் வீடுகளில் ஒளிய இடத்துக்கா பஞ்சம்?

துடைத்த இடத்தில் வினிகர் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். வாடை தங்கினால் அதே இடத்துக்கு மீண்டும் வரும். கல் தரையானால் முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், சிலவற்றில் வினிகர் மெருகைத் தின்றுவிடும்.

ஜூன் 16

தடுப்பூசி முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று மருத்துவர் சொன்னாராம். தரையில் விடக் கூடாது என்பது சரி. குட்டிகளைக் கொல்லும் பேதியைத் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தெருநாய் போன வழியெல்லாம் இருக்கும். பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கலப்புத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஒன்று போட்டுவிட்டு வந்து "ஊசி போட்டாயிற்று" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆனால் மூன்றாவது வாரம் முதல் சுமார் பதினான்காவது வாரம் வரையில்தான் குட்டி உலகத்தில் எது சாதாரணம், எது ஆபத்து என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. அந்த நாட்களைக் கதவுக்குள் கழித்தால் பிறகு பஸ் ஹாரனுக்கும் தலைப்பாகை கட்டியவருக்கும் மிரளும் நாய்தான் கிடைக்கும். இரண்டுக்கும் வழி உண்டு, தூக்கிக்கொண்டு போங்கள். மிளகைத் துணிப்பையில் தோளில் மாட்டிக்கொண்டு காரைக்குடி பேருந்து நிலையம், சந்தை ஓரம், கொப்புடையம்மன் கோயில் தெருவில் மேளம் கேட்கும் தூரம் வரை நடந்தேன். தவில் சத்தம் முதலில் காதை மடக்க வைத்தது. தள்ளி நின்று தீனி கொடுத்தேன். காது நிமிர்ந்ததும் இரண்டடி நெருங்கினேன். பயந்தால் நெருங்கக் கூடாது, விலக வேண்டும்.

ஊசி போட்ட ஆரோக்கியமான நாய் உள்ள உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். சைக்கிள், வேட்டி, குடை, ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி, அழும் குழந்தை எல்லாவற்றையும் பார்க்கட்டும்.

ஜூன் 30

வளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆத்தங்குடிக் கல்லில் சறுக்கி விளையாடுகிறான், பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று காணொளி போட்டிருக்கிறீர்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். நிறுத்துங்கள்.

ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பது. அந்தக் கண்ணாடியின் வழுவழுப்புதான் அதன் அழகு. ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து இன்னும் மெருகேறியிருக்கும். அதில் நான்கு காலும் நான்கு திசையில் போவது வளரும் மூட்டுக்கு நல்லதில்லை. நார்வேயில் லேப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் ஆவதற்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது. அதே வயதில் வெளியே மேடுபள்ளமான மென்மையான தரையில் தன் போக்கில் ஓடிய குட்டிகளுக்குக் குறைவு. கொல்லை மண் எவ்வளவு பெரிய சொத்து என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது: குட்டி நடக்கும் வழியில் கயிற்று மிதியடி அல்லது தைத்து விரித்த சணல் சாக்கு. கோரைப் பாய் வேண்டாம், அதுவே வழுக்கும். நகத்தை வெட்டுங்கள், உள்ளங்கால் முடியைக் கத்தரியுங்கள். திண்ணையிலிருந்தும் உள்ளே மேடையாக இருக்கும் பட்டாலையிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். நம் நிலைப்படிகள் உயரம், தூக்கித் தாண்ட வையுங்கள். எடை கூடிய பிறகு தூக்க முடியாது என்றால் ஒரு பலகையைச் சாய்த்துப் போடுங்கள். ஒரு வயது தாண்டும்வரை நீண்ட ஓட்டமும் சைக்கிளோடு ஓடுவதும் வேண்டாம்.

எங்கள் வளவில் சாக்கு விரித்தபோது பெரியப்பா மனம் நொந்தார். ஐயா காலத்துத் தரை, விருந்தாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்றார். தரைக்கு நூறு வயது, இன்னும் நூறு வயது இருக்கும். குட்டியின் இடுப்பு உருவாவது இந்த ஒரே வருடத்தில்.

ஜூலை 13

சாப்பாடு பற்றிக் கேட்டவர்கள் பலர். இதில் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் நம் அடுக்களையே நாய்க்கு எதிரி.

சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் பொடித்தாலும் ஒன்றுதான். செட்டிநாட்டுக் குழம்பில் இவை இரண்டும் இல்லாதது எது? "கறியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்" என்று சொல்வதில் பொருளில்லை, மசாலா ஊறியிருக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், கேசரி இரண்டிலும் உண்டு. சாக்லேட் கூடவே கூடாது. கும்மாயம், உக்காரை போன்ற நம் இனிப்புகளில் நெய்யும் வெல்லமும் சேர்ந்து கணையத்தைப் பிடிக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

நாங்கள் கொடுப்பது: வளரும் வயதில் பெரிய இனக் குட்டிகளுக்கென்று உள்ள உலர் தீனி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, சோறு, பூசணி, கேரட். நல்ல தீனி தின்னும் குட்டிக்குக் கால்சியம் மாத்திரை தேவையில்லை. அதிகமானால் பெரிய இனக் குட்டியின் எலும்பு கோணலாக வளரும். இங்கே மருந்துக் கடையில் கேட்காமலேயே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது பசி. லேப்ரடார் எப்போதும் பட்டினி கிடந்தது போலவே பார்க்கும். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது: லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு பாம்க் என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அது இல்லாத நாய்களுக்குத் தீனியின் மேல் நாட்டமும் எடையும் அதிகம். அந்தக் கண்களைப் பார்த்து இரங்குவது அன்பு என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். 2002-இல் வெளியான, லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் கூடப் பிறந்தவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. இரண்டு ஆண்டு! விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரியவேண்டும்.

ஜூலை 14

நேற்று விட்டது. ஆட்கள் நிறைந்த வீட்டில் குட்டி காலையில் நான்கு பேரிடம் தின்றுவிடும், ஒவ்வொருவரும் தான் மட்டுமே கொடுத்ததாக நினைப்பார்கள். அன்றைய தீனி முழுவதையும் காலையில் ஒரு டப்பாவில் அளந்து வையுங்கள். யார் கொடுத்தாலும், பழக்குவதற்குக் கொடுத்தாலும், அந்த டப்பாவிலிருந்து. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

பர்மா தேக்குத் தூணின் அடியைக் கடித்துவிட்டான், பங்காளிகளுக்குத் தெரிந்தால் வழக்கு வரும் என்று எழுதியதைப் படித்து எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் வருத்தம் புரிகிறது. நான்காம் மாதம் பால்பற்கள் விழத் தொடங்கும், ஆறாம் ஏழாம் மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலம் முழுக்க ஈறு குறுகுறுக்கும். வேப்பெண்ணெய் பூசச் சொல்வார்கள்; மிளகு அதையும் நக்கிவிட்டு மீண்டும் கடித்தாள். தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுங்கள், குளிர்ந்த முழுக் கேரட் கொடுங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், நாரை விழுங்கினால் குடலில் அடைக்கும்.

வாயில் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். நம் வீட்டில் துரத்திப் பிடிக்கவே முடியாது, வளவைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதற்கு அதைவிட இன்பமான விளையாட்டு இல்லை. குந்தி உட்கார்ந்து வேறு ஒன்றைக் காட்டுங்கள். வந்து வாயிலிருப்பதை விட்டதும் "கொடு" என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் தூக்கி வந்ததையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொண்டுவந்தால் இழப்பில்லை என்று தெரிந்த ரிட்ரீவர் எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டும். அப்பத்தாவின் தொலைந்துபோன வெற்றிலைப் பை அப்படித்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

பெயர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கருப்பன் என்று வைக்கத்தான் ஆசை. சாமி பெயரைச் சொல்லி நாயை அதட்டக் கூடாது என்று அப்பத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்.

ஆகஸ்ட் 25

கூப்பிட்டால் வருவது. இந்த ஒன்றுக்காகத்தான் பெரிய வீட்டுக்கு நான் நன்றி சொல்கிறேன். முதல் குறிப்பில் இடம் இருப்பதே சிக்கல் என்று எழுதினேன். மூலையில் பழகிவிட்ட குட்டிக்கு அதே வீடு ஊரில் எங்கும் கிடைக்காத பயிற்சிக்கூடம்.

வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும்படி கதவு நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன அல்லவா? ஒருவர் முகப்பில், ஒருவர் இரண்டாம் கட்டில். முகப்பில் இருப்பவர் பெயரைச் சொல்லி "வா" என்பார், ஒரே ஒரு முறை. வந்தால் கைநிறையப் பாராட்டு, ஒரு துண்டு கோழி. பிறகு அடுத்தவர். தொடக்கத்தில் பத்தடி தூரம், போகப் போக முழு நீளம். சாக்கு விரித்த வழியில்தான். குட்டி களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நன்றாக வந்த பிறகு ஒருவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்து கூப்பிடலாம்; பிள்ளைகளுக்கு இதைவிட வேறு விடுமுறை விளையாட்டு வேண்டாம். கண்ணால் காணாமல் குரலைத் தேடி வரும் நாய்தான் கண்மாய்க்கரையிலும் வரும்.

ஒரே விதி. கூப்பிட்டு வரவைத்துத் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டாதீர்கள். அதற்கெல்லாம் நீங்கள் நடந்து போய்த் தூக்குங்கள். ஒருவர் "வா", ஒருவர் "இங்கே", இன்னொருவர் "கம்" என்று சொன்னால் குட்டி யாருக்கும் வராது. எங்கள் வீட்டில் சுவரில் எழுதி ஒட்டினோம்.

வெளியே முதலில் நீளக் கயிற்றோடு, கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்புப் பட்டையில் கட்டி.

செப்டம்பர் 22

உண்ணி. மிளகு உண்ணி பரப்பிய காய்ச்சலில் படுத்த படுக்கையாகிவிட்ட நாட்களை நினைத்துச் சொல்கிறேன்: மாதாமாதம் மருந்தைத் தவறவிடாதீர்கள். நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவரேறி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய சுண்ணாம்புச் சுவர், மரச்சட்ட இடுக்கு, உத்தரம் என்று நம் வீட்டில் அதற்கு மாளிகை. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டுவிட்டால் முடியாது. இடுக்குகளைச் சாந்து வைத்து அடையுங்கள், படுக்கையைச் சுடுநீரில் அலசுங்கள். குட்டி தின்னாமல் சோர்ந்து கிடந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், இரத்தப் பரிசோதனை கேளுங்கள். "வெயில் களைப்பு" என்று ஓர் இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வேறு மருத்துவரிடம் போனதால்தான் அவள் இருக்கிறாள்.

வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தை அதன்மேல் போடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ளது பூனைக்கு உயிரெடுக்கும்.

அக்டோபர் 20

மழை பிடித்துவிட்டது, தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது, நீந்த விடலாமா என்கிறீர்கள். கண்மாயில் விடலாம். ஊருணியில் விடாதீர்கள். குடிதண்ணீருக்கென்று முன்னோர் வெட்டி, கால் கழுவக்கூட விடாமல் ஊர் கட்டுப்பாடாகக் காத்த நீர். நாயோடு போய் இறங்கினால் உங்கள் நாய்க்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

கண்மாயிலும் கரை சரிவாக இருக்கும் இடத்தில், கயிறோடு, நீங்களும் முழங்கால் ஆழம் இறங்கி. தூக்கி எறிந்து பழக்காதீர்கள், தானாக இறங்கட்டும். மழைநீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக் காய்ச்சல் வரும், அதற்கான தடுப்பூசி கலப்பு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். வெளியே வந்ததும் காதின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். புல் உயர்ந்த கரையில் கண்ணாடி விரியன் இருக்கும், பாதையைவிட்டு மோப்பம் பிடிக்க விடாதீர்கள்.

அக்டோபர் 27

தீபாவளி 31-ஆம் தேதி. அன்று மாலைக்கு முன்பே நடக்கவிட்டு, சாப்பிடவைத்து, வளவை ஒட்டிய உள் அறைக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தடித்த சுவர் சத்தத்தைப் பெரும்பகுதி வாங்கிக்கொள்ளும். மின்விசிறியும் வானொலியும் ஓடட்டும், ஒருவர் கூட இருக்கவேண்டும். பயத்தில் ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் வளரும் என்பது பொய். கழுத்தில் தொலைபேசி எண் எழுதிய வில்லை இருக்கட்டும். கொல்லைக் கதவைப் பூட்டியாயிற்றா என்று நீங்களே போய்ப் பாருங்கள், பிள்ளைகள் சொன்னதை நம்பாதீர்கள்.

நவம்பர் 17

"எல்லாம் மறந்துவிட்டான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போகிறான்." ஏழு மாதம் ஆகிறது இல்லையா, வயது அது. மறக்கவில்லை, உலகம் உங்களைவிடச் சுவையாக இருக்கிறது. மீண்டும் கயிறு, மீண்டும் பத்தடி, மீண்டும் கோழித் துண்டு. ஒன்றரை வயது வரை ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். ரிட்ரீவரைக் கைவிடுகிறவர்களில் பலர் இந்த மாதங்களில்தான் கைவிடுகிறார்கள். இந்த நேரத்தில் பண்ணைக் காவலுக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது வீட்டில் பேச்செடுத்தால் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

கருத்தடை அறுவையை ஆறாம் மாதத்திலேயே செய்யச் சொல்கிறார்களாம். கோல்டன்களைப் பற்றி 2013-இல் கலிபோர்னியாவில் செய்த ஆய்வில், ஒரு வயதுக்கு முன் செய்த ஆண் நாய்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்தது. வீட்டோடு இருக்கும் ஆண் நாய்க்கு அவசரமில்லை. இதைச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

2025 ஜனவரி 5

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் வந்தபோது ஒவ்வொருவர் மேலும் ஏறினான், வெள்ளை வேட்டியெல்லாம் கால் தடம் என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலால் இடிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்க வேண்டாம். உட்கார்ந்தால்தான் யாரும் தொடுவார்கள் என்பதை அவன் கற்கவேண்டும். அதற்கு முதலில் பழக வேண்டியவர்கள் விருந்தாளிகள். முகப்பில் கயிறைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வருபவர் நெருங்கும்போது எழுந்தால் அவர் திரும்பி நிற்கட்டும். உட்கார்ந்ததும் குனிந்து தடவட்டும். எங்கள் பெரியப்பா இதைச் சரியாகச் செய்தார். அவர் வந்தால் மிளகு இப்போது தானாக உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்குவாள்.

நாய்க்குப் பயப்படும் உறவினர் வந்தால் பழக்கிக் காட்ட அது நேரமில்லை. மூலைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த மூலையைக் கலைக்காமல் வைத்திருக்கிறீர்கள்தானே?

ஜனவரி 19

தைப்பூசத்துக்கு வீட்டோடு பழனிக்கு நடக்கிறீர்கள், அவனை என்ன செய்வது என்ற கேள்வி. பாதயாத்திரையில் கூட்டிப்போக வேண்டாம். பத்து மாதக் குட்டிக்குத் தார்ச்சாலையில் அவ்வளவு நடை கூடாது. தூரத்து விடுதியில் விடுவதைவிட அவன் அறிந்த ஒருவர் உங்கள் வீட்டில் வந்து தங்குவது நல்லது. பிப்ரவரி 11-க்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிலிருந்தே அவர் வந்து ஒரு வேளை தீனி கொடுக்கட்டும், நீங்கள் கொல்லைப் பக்கம் போய் ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள். பிறகு அரை மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு ஓர் இரவு. கிளம்பும்போது நீட்டி முழக்கி விடைபெறாதீர்கள். அளந்த டப்பாக்கள், மருத்துவர் எண், தடுப்பூசி அட்டை, உண்ணி மருந்து போட வேண்டிய தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். அங்கே ஒருவரும் சிக்காவிட்டால் எழுதுங்கள். நான் இந்த ஆண்டு நடக்கவில்லை, பள்ளத்தூரில் மிளகோடுதான் இருப்பேன். ஒரு முறை முன்னதாகக் கூட்டி வந்து இரண்டு நாய்களையும் வெளியே கண்மாய்க்கரையில் சந்திக்க வைக்கவேண்டும், நேரே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வருகிற வாரத்தில் ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள் வந்தால் சௌகரியம்.